மாட்-பெர்ல் மாட்யூல் மக்கர் பண்ணினா எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்: முழுமையான வழிகாட்டி

அப்பாச்சி வெப் சர்வருக்குள்ளயே பெர்ல் மொழிய உட்கார வச்சு ஓட்டுற மாட்-பெர்ல் செட்டப்ப பார்த்துக்குற வேலை திடீர்னு தலைல வந்து விழுந்தவங்களுக்காக எழுதுறேன். புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யுற ஒரே தப்பு, எர்ரர் வந்த உடனே கோட திறந்து வரி வரியா படிக்க ஆரம்பிக்குறது. கோடு நல்லாத்தான் இருக்கும், அது எந்த பெர்ல்ல, எந்த ப்ராசஸ்ல, எப்ப ஏத்துன காப்பியா ஓடுதுங்குறதுலதான் கோளாறு இருக்கும்.

சிஜிஐல, அதாவது வெப் சர்வர் ஸ்க்ரிப்ட்ட வெளிய தனி ப்ராசஸா ஓட்டுற பழைய முறைல, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் பெர்ல் புதுசா கிளம்பி வேலைய முடிச்சுட்டு செத்துடும். இங்க ஒரு ப்ராசஸ் மணிக்கணக்கா, சில சமயம் நாள்கணக்கா உயிரோட இருக்கும், போன ரிக்வெஸ்ட் விட்டுட்டுப் போனது எல்லாம் அதுக்குள்ளயே கிடக்கும். இத மனசுல வச்சுக்கிட்டு கீழ இருக்குற வரிசைலயே போங்க, நடுவுல தாவாதீங்க.

1. முதல்ல தனியா ஒரு டெஸ்ட் சர்வர்

லைவ் சர்வர்ல கை வைக்காம வேலை பார்க்க, அதே மெஷின்ல இன்னொரு அப்பாச்சிய வேற போர்ட்ல ஓட்டுற மாதிரி கான்ஃபிக் ஃபைல ஒரு காப்பி எடுத்துக்கோங்க. அதுல மூணு விஷயத்த மாத்தியே ஆகணும்: லிசன் போர்ட், பிஐடி ஃபைல் (ஓடுற ப்ராசஸோட நம்பர எழுதி வைக்குற ஃபைல்), எர்ரர் லாக். பிஐடி ஃபைல மாத்த மறந்துட்டு டெஸ்ட் சர்வர ஸ்டாப் பண்றேன்னு லைவ நிறுத்தினவங்கள நான் பார்த்திருக்கேன், அதுல ஒருத்தன் நானே.

ரூட் அக்சஸ், லாக் ஃபைல் எங்க இருக்குங்குற தகவல், போன தடவை நல்லா ஓடின கான்ஃபிக்கோட காப்பி, இந்த மூணும் கைல இல்லாம ஆரம்பிக்காதீங்க.

இன்னொன்னு, அப்பாச்சிகன்ட்ரோல் (apachectl) கமாண்ட்ல கான்ஃபிக்டெஸ்ட் போட்டு 'சிண்டாக்ஸ் ஓகே'ன்னு வந்தா பெர்ல் கோடும் சரியா இருக்குன்னு நினைச்சுடாதீங்க. அது கான்ஃபிக் ஃபைலோட இலக்கணத்த மட்டும்தான் பார்க்குது, கான்ஃபிக் படிச்சு முடிச்சப்புறம் வர்ற போஸ்ட்-கான்ஃபிக் கட்டத்துல லோட் ஆகுற பெர்ல் ஃபைல் எதையும் அது ஓட்டிப் பார்க்காது. அதுக்குத்தான் இந்த டெஸ்ட் சர்வர்.

2. லாக்ல கடைசி எர்ரர் வேண்டாம், முதல் எர்ரர் வேணும்

'அட்டெம்ப்ட் டு ரீலோட்... அபார்ட்டட், கம்பைலேஷன் ஃபெயில்டு இன் ரிக்வயர்'னு ஒரு மெசேஜ் லாக் முழுக்க ரொம்பிக் கிடக்கும். இது பிரச்சனை இல்ல, பிரச்சனையோட எதிரொலி. முதல் தடவை அந்த மாட்யூல லோட் பண்ணும்போது நிஜமான எர்ரர் ஒரே ஒரு தடவை வந்திருக்கும், அதுக்கப்புறம் அதே ப்ராசஸ் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும்போது எல்லாம் இந்த வரிதான் வரும்.

அதனால லாக்ல மேல போங்க. அப்பாச்சி 2.4 ஒவ்வொரு வரிலயும் பிஐடி போடும், அந்த நம்பர வச்சு கிரெப் பண்ணா அந்த ஒரு ப்ராசஸோட கதை மட்டும் வரிசையா கிடைக்கும், அதுல முதல்ல வர்ற பெர்ல் எர்ரர்தான் உங்களுக்கு வேணும். ஸ்டார்ட்டப்லயே ஏத்தின மாட்யூல்னா பேரன்ட்டோட (சைல்டு ப்ராசஸ்கள பிறக்க வைக்குற முதல் அப்பாச்சி ப்ராசஸ்) பிஐடிலயும் தேடுங்க.

எர்ரரே வரலன்னு சொல்றவங்க பெரும்பாலும் தப்பான லாக்க பார்த்துட்டு இருப்பாங்க. விர்ச்சுவல் ஹோஸ்ட்டுக்கு (ஒரே அப்பாச்சில ஓடுற தனித்தனி சைட்) தனி எர்ரர் லாக் வச்சிருந்தாலும், பெர்லோட சாதாரண 'வார்ன்' எழுதுறது மெயின் சர்வரோட லாக்குக்குத்தான் போகும். ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டோட 'லாக்_எர்ரர்' மெத்தட் மூலமா எழுதினா அந்தந்த ஹோஸ்ட்டோட லாக்ல வரும். ரெண்டு லாக்கையும் ரெண்டு விண்டோல டெயில் பண்ணி வச்சுட்டு அப்புறமா பேஜ ரீஃப்ரெஷ் பண்ணுங்க.

3. உள்ள ஓடுறது எந்த பெர்ல்?

டெர்மினல்ல பெர்ல் வெர்ஷன் பார்த்துட்டு அதேதான் அப்பாச்சிக்குள்ளயும் ஓடுதுன்னு நம்பக்கூடாது. மாட்-பெர்ல் கம்பைல் ஆனப்ப எந்த லிப்பெர்ல் (பெர்லோட மையமான லைப்ரரி ஃபைல்) கூட லிங்க் ஆச்சோ அதுதான் உள்ள இருக்கும். மாட்-பெர்லோட எஸ்ஓ ஃபைல் (.so, கம்பைல் ஆன லைப்ரரி) மேல, எந்தெந்த லைப்ரரிய இழுக்குதுன்னு காட்டுற எல்டிடி கமாண்ட ஓட்டுங்க, எந்த லிப்பெர்ல்னு காட்டும். லிப்பெர்ல் வரியே வரலன்னா ஸ்டாட்டிக்கா சேர்த்துக் கட்டியிருக்காங்கன்னு அர்த்தம், அப்ப ஒரு சின்ன ஹேண்ட்லர் (ரிக்வெஸ்ட்டுக்கு பதில் குடுக்குற பெர்ல் கோடு) எழுதி பெர்ல் வெர்ஷனையும் '@இன்க்'கையும் (பெர்ல் மாட்யூல் தேடுற டைரக்டரி பட்டியல்) பிரின்ட் பண்ணிப் பாருங்க.

இது ஏன் முக்கியம்னா, டிபிஐ (டேட்டாபேஸோட பேசுற பெர்ல் மாட்யூல்) மாதிரி சி கோடு கலந்த எக்ஸ்எஸ் மாட்யூல் எல்லாம் ஒரு குறிப்பிட்ட பெர்லுக்காக கம்பைல் ஆனது. பெர்ல்ப்ரூங்குற டூல் வச்சு புது பெர்ல் போட்டு அதுல மாட்யூல் எல்லாம் இன்ஸ்டால் பண்ணிட்டு, அப்பாச்சி மட்டும் சிஸ்டத்தோட பழைய பெர்ல்ல ஓடுச்சுன்னா 'பெர்ல் ஏபிஐ வெர்ஷன் டஸ் நாட் மேட்ச்'னோ, 'லோடபிள் லைப்ரரி அண்ட் பெர்ல் பைனரிஸ் ஆர் மிஸ்மேட்ச்டு'ன்னோ, 'அன்டிஃபைன்டு சிம்பல்'னோ வரும். இதுல எது வந்தாலும் கோட தொடாதீங்க, சரியான பெர்ல்ல அந்த மாட்யூல திரும்ப கம்பைல் பண்ணுங்க. என்னோட கருத்து, டிஸ்ட்ரோ குடுக்குற பெர்ல், அதே டிஸ்ட்ரோ குடுக்குற மாட்-பெர்ல், இல்லன்னா ரெண்டையுமே நீங்களே கம்பைல் பண்ணுங்க. பாதி அங்க பாதி இங்கன்னு வச்சா என்னைக்காவது ஒரு நாள் உதைக்கும்.

அப்படியே எம்பிஎம் (அப்பாச்சி ரிக்வெஸ்ட்டுகள ப்ராசஸுக்கும் த்ரெட்டுக்கும் பிரிச்சுக் குடுக்குற முறை) என்னன்னும் பார்த்துடுங்க, அப்பாச்சிகன்ட்ரோல்ல மைனஸ் பெரிய வி போட்டா சொல்லும். ப்ரீஃபோர்க்னா நிம்மதி, த்ரெட் இல்லாம தனித்தனி சைல்டு ப்ராசஸ்தான். வொர்க்கர், ஈவென்ட்னா பெர்ல் த்ரெட் சப்போர்ட்டோட கம்பைல் ஆகியிருக்கணும், நீங்க யூஸ் பண்ற ஒவ்வொரு மாட்யூலும் த்ரெட்ட தாங்கணும். கட்டாயம் இல்லன்னா ப்ரீஃபோர்க்லயே இருங்க, கீழ சொல்றது எல்லாம் ப்ரீஃபோர்க்க மனசுல வச்சுத்தான்.

4. 'கான்ட் லொகேட்... இன் @இன்க்'

'என் டெர்மினல்ல வேலை செய்யுது, சர்வர்ல வேலை செய்யல'ங்குற புலம்பல்ல பாதி இதுதான். உங்க ஷெல்ல மாட்யூல் பாதைய சொல்ற பெர்ல்5லிப் வேரியபிள் செட் பண்ணியிருப்பீங்க, ஆனா லினக்ஸ்ல சர்வீஸ் கிளப்புற சிஸ்டம்டி அப்பாச்சிய கிளப்பும்போது உங்க பாஷ் ப்ரொஃபைல படிக்காது.

அதனால பாதைய கான்ஃபிக்லயே பெர்ல்ஸ்விட்சஸ்ல மைனஸ் பெரிய ஐ போட்டு முழுப் பாதையா குடுங்க. 'புள்ளி'ய நம்பாதீங்க, பெர்ல் 5.26ல இருந்து நடப்பு டைரக்டரி '@இன்க்'ல இருக்காது, இருந்தாலும் அப்பாச்சியோட நடப்பு டைரக்டரி உங்க ஸ்க்ரிப்ட் இருக்குற இடம் கிடையாது. ரிலேட்டிவ் பாதைல ஃபைல் திறக்குற பழைய ஸ்க்ரிப்ட் எல்லாம் இதுனாலதான் உடையுது.

பாதை சரி, ஃபைலும் இருக்கு, அப்பவும் கிடைக்கலன்னா பர்மிஷன பாருங்க. மேல இருக்குற ஒவ்வொரு டைரக்டரிலயும் அப்பாச்சி யூசருக்கு உள்ள நுழையுற உரிமை வேணும். அதுவும் சரின்னா எஸ்இலினக்ஸ் (லினக்ஸோட கூடுதல் பாதுகாப்புக் காவல்) தடுக்குதான்னு அதோட லாக்க பாருங்க.

5. ஸ்டார்ட்டப் ஃபைலும் லோட் ஆகுற வரிசையும்

பொதுவா யூஸ் ஆகுற மாட்யூல் எல்லாத்தையும் ஒரு ஸ்டார்ட்டப் ஃபைல்ல போட்டு பெர்ல்போஸ்ட்கான்ஃபிக்ரிக்வயர் மூலமா ஏத்துங்க. பேரன்ட் ப்ராசஸ்லயே லோட் ஆகிட்டா சைல்டு எல்லாம் அதே மெமரிய பகிர்ந்துக்கும், தப்பு இருந்தா ஸ்டார்ட் ஆகும்போதே சத்தம் போடும், நடுராத்திரி யாரோ ஒரு யூசர் பேஜ திறக்குறப்ப வெடிக்காது. ஃபைல் கடைசில '1;' போட மறக்காதீங்க, சிரிக்காதீங்க, இதுல அரை மணி நேரம் விட்டவங்க நிறைய.

டேட்டாபேஸ் கனெக்ஷன மூடாம திரும்பப் பயன்படுத்துற அப்பாச்சி::டிபிஐ யூஸ் பண்றதா இருந்தா டிபிஐ-ய கூப்பிடுற எந்த மாட்யூலுக்கும் முன்னாடி அது வரணும், அப்பத்தான் கனெக்ட் பண்ற வேலைய அது தன் கைல எடுத்துக்க முடியும்.

புதுசா வர்றவங்கள ரொம்ப குழப்புற எர்ரர் ஒன்னு: 'கான்ட் லொகேட் ஆப்ஜெக்ட் மெத்தட் பிரின்ட் வயா பேக்கேஜ் அப்பாச்சி2::ரிக்வெஸ்ட்ரெக்'. ஆப்ஜெக்ட் இருக்கு, ஆனா மெத்தட் இல்லையாம்! மாட்-பெர்ல் 2ல ஒரே ஆப்ஜெக்ட்டோட மெத்தட் எல்லாம் பல மாட்யூல்ல பிரிஞ்சு கிடக்கு. கன்டென்ட்_டைப் வேணும்னா அப்பாச்சி2::ரிக்வெஸ்ட்ரெக், பிரின்ட் வேணும்னா அப்பாச்சி2::ரிக்வெஸ்ட்ஐஓ, ரெண்டையும் யூஸ் பண்ணணும். எந்த மெத்தட் எதுல இருக்குன்னு மாட்பெர்ல்::மெத்தட்லுக்கப் மாட்யூல கேட்டா சொல்லும்.

இதுல வேடிக்கை என்னன்னா, வேற ஒரு மாட்யூல் ஏற்கனவே அத லோட் பண்ணியிருந்தா உங்க கோடு யூஸ் வரி இல்லாமலே ஓடும், அந்த மாட்யூல தூக்கின அன்னைக்கு சம்பந்தமே இல்லாத இடத்துல உடையும். அதனால ஒவ்வொரு ஃபைலும் தனக்கு வேணுங்குறத தானே யூஸ் பண்ணணும்.

6. ஒரு தடவை சரி, ஒரு தடவை தப்பு: ஒத்த ப்ராசஸ்ல பிடிங்க

அஞ்சு தடவை ரீஃப்ரெஷ் பண்ணா நாலு தடவை சரியா வருது, ஒரு தடவை வேற யாரோட பேரோ வருது. இத கேட்ட உடனே என் கை தானா அப்பாச்சிய மைனஸ் பெரிய எக்ஸ் ஸ்விட்ச்சோட கிளப்பப் போகும். அது ஒரே ஒரு ப்ராசஸா, பின்னணிக்குப் போகாம ஓடும். பத்து சைல்டு இருக்கும்போது உங்க ரிக்வெஸ்ட் எதுக்குப் போகும்னு தெரியாது, ஒவ்வொன்னுக்குள்ளயும் வேரியபிளோட மதிப்பு வேற வேற. ஒரே ப்ராசஸ்னா ரெண்டாவது ரிக்வெஸ்ட்லயே தப்பு அப்பட்டமா தெரிஞ்சுடும். டெபியன், உபுண்டுல பைனரிய நேரடியா ஓட்டினா வேரியபிள் டிஃபைன் ஆகலன்னு திட்டும், என்விவார்ஸ் ஃபைல சோர்ஸ் பண்ணிட்டு ஓட்டுங்க.

இப்ப காரணத்துக்கு வருவோம். முதல் வகை, 'அவர்' (our) போட்டு டிக்ளேர் பண்ண குளோபல் வேரியபிள். லாகின் ஆன யூசரோட பேர அதுல வச்சுட்டு ரிக்வெஸ்ட் முடியும்போது காலி பண்ணலன்னா அடுத்து அதே சைல்டுக்கு வர்ற ஆளுக்கு அது தெரியும். இது வெறும் பக் இல்ல, ஒருத்தரோட தகவல் இன்னொருத்தர் கைக்குப் போகுது, அதனால இத பார்த்த அன்னைக்கே சரி பண்ணுங்க. ஹேண்ட்லர் ஆரம்பத்துலயே மதிப்ப ரீசெட் பண்ணுங்க, இன்னும் நல்லது 'மை' (my) போட்டு ஆர்க்யூமென்ட்டா அனுப்புறது.

ரெண்டாவது வகை கொஞ்சம் நயவஞ்சகமானது. பழைய சிஜிஐ ஸ்க்ரிப்ட்ட மாட்-பெர்ல்ல ஓட்டுற மாட்பெர்ல்::ரிஜிஸ்ட்ரி உங்க ஸ்க்ரிப்ட் முழுசையும் எடுத்து ஒரு சப்ரூட்டினுக்குள்ள சுருட்டி வச்சுடும். அப்ப உங்க ஸ்க்ரிப்ட்ல இருக்குற சப் எல்லாம் ஒரு சப்புக்குள்ள இருக்குற சப் ஆகிடும். ஃபைல் மேல 'மை' போட்டு ஒரு வேரியபிள், கீழ ஒரு சப் அத நேரா படிக்குதுன்னு வைங்க, அந்த சப் முதல் ரிக்வெஸ்ட்ல பார்த்த மதிப்பையே கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருக்கும், மேல நீங்க என்ன மாத்தினாலும் அதுக்குத் தெரியாது. வார்னிங்ஸ் ஆன்ல இருந்தா 'வில் நாட் ஸ்டே ஷேர்டு'ன்னு லாக்ல எச்சரிக்கை வரும், அந்த வரிய பார்த்துட்டு சும்மா விடாதீங்க. சப்புக்கு ஆர்க்யூமென்ட்டா குடுங்க, இல்ல அந்த சப்ப தனி மாட்யூலுக்கு நகர்த்துங்க.

மூணாவது, பெர்லோட ஸ்பெஷல் வேரியபிள். ஃபைல மொத்தமா படிக்க '$/'-ஐ (ஒரு வரி எங்க முடியுதுன்னு சொல்ற வேரியபிள்) அன்டெஃப் பண்ணிட்டு அப்படியே விட்டா, அந்த சைல்டுல அதுக்கப்புறம் வரி வரியா ஃபைல் படிக்குற எல்லா கோடும் சொதப்பும். முன்னாடி 'லோக்கல்' போடுங்க, பிளாக் முடிஞ்சதும் பழைய மதிப்பு தானா திரும்பிடும்.

சின்ன விஷயம் ஒன்னு, பழைய சிஜிஐ ஸ்க்ரிப்ட்ட ரிஜிஸ்ட்ரில போட்டதும் 'கன்டென்ட்-டைப்'ங்குற வரி பேஜ்லயே எழுத்தா தெரிஞ்சா, பெர்ல்ஆப்ஷன்ஸ்ல ப்ளஸ் பார்ஸ்ஹெடர்ஸ் போடல, அவ்வளவுதான்.

7. கோட மாத்தினேன், ஆனா பழசுதான் ஓடுது

ரிஜிஸ்ட்ரி ஸ்க்ரிப்ட்டோட ஃபைல் நேரம் மாறினா அது தானா திரும்ப கம்பைல் ஆகும். மாட்யூல் அப்படி இல்ல, '%இன்க்'ல (ஏற்கனவே லோட் ஆன ஃபைல்களோட பட்டியல், '@இன்க்' வேற) பேர் இருக்கா, ஏற்கனவே லோட் ஆச்சு, முடிஞ்சுது. ஸ்க்ரிப்ட்ட மாத்தினா தெரியுது, மாட்யூல மாத்தினா தெரியலன்னு குழம்புறது இதனாலதான்.

டெவலப்மென்ட்ல அப்பாச்சி2::ரீலோட்ட பெர்ல்இனிட்ஹேண்ட்லரா போட்டுக்கோங்க, ரீலோட்ஆல்-ஐ ஆஃப் பண்ணிட்டு ரீலோட்மாட்யூல்ஸ்ல உங்க சொந்த மாட்யூல் பேர மட்டும் குடுங்க. லைவ்ல இது வேண்டாம், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஃபைல் நேரத்த போய்ப் பார்க்குற வேலை வீண், ஒரு சைல்டுல புதுசு ஒன்னுல பழசுன்னு கலந்து ஓடுற ஆபத்தும் இருக்கு.

கலப்படம் ரீலோட் இல்லாமலேயும் நடக்கும். ஸ்டார்ட்டப்ல ஏத்தின மாட்யூல் பேரன்ட்ல பழசாவே இருக்கும், புதுசா பிறக்குற சைல்டும் அதையேதான் வாங்கிக்கும். ஆனா ஸ்டார்ட்டப்ல இல்லாத மாட்யூல அந்த சைல்டு டிஸ்க்ல இருந்து புதுசா எடுக்கும். அப்ப பாதி நேத்து கோடு, பாதி இன்னைக்கு கோடு. அதனால ஃபைல்கள காப்பி பண்ணிட்டு 'அப்புறமா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம்'னு விடாதீங்க.

ஒரே அப்பாச்சில ரெண்டு விர்ச்சுவல் ஹோஸ்ட், ரெண்டுக்கும் ஒரே பேர்ல வேற வேற கான்ஃபிக் மாட்யூல்னு வச்சிருந்தாலும் இதே கதைதான், முதல்ல லோட் ஆனதுதான் ஜெயிக்கும். பேக்கேஜ் பேர மாத்துங்க, இல்ல தனித்தனி அப்பாச்சி ஓட்டுங்க.

8. டேட்டாபேஸ் கனெக்ஷன்

ஸ்டார்ட்டப் ஃபைல்ல டேட்டாபேஸ கனெக்ட் பண்ணி வைக்காதீங்க. ஃபோர்க் ஆகும்போது (பேரன்ட்ல இருந்து சைல்டு பிறக்கும்போது) எல்லா சைல்டும் அதே ஒரு சாக்கெட்ட பகிர்ந்துக்கும், ஒருத்தன் கேட்ட கேள்விக்கான பதில இன்னொருத்தன் வாங்கிட்டுப் போவான், ஒரு சைல்டு செத்தா எல்லாருக்கும் லைன் கட். 'மைஎஸ்க்யூஎல் சர்வர் ஹேஸ் கான் அவே' சும்மா சும்மா வந்தா முதல்ல இத சந்தேகப்படுங்க. அப்பாச்சி::டிபிஐ-யோட கனெக்ட்_ஆன்_இனிட் போட்டா ஒவ்வொரு சைல்டும் பிறந்த பிறகு தனக்குன்னு ஒன்னு திறக்கும்.

அடுத்தது கணக்கு. ஒவ்வொரு சைல்டும் ஒரு கனெக்ஷன பிடிச்சு வச்சுக்கும், டிஸ்கனெக்ட்னு நீங்க எழுதினாலும் அப்பாச்சி::டிபிஐ அத கண்டுக்காது. ப்ரீஃபோர்க்ல அதிகபட்ச சைல்டு எண்ணிக்கைய சொல்ற மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸோட டிஃபால்ட் 256, மைஎஸ்க்யூஎல் அனுமதிக்குற கனெக்ஷன் டிஃபால்ட்டா 151, போஸ்ட்க்ரெஸ்ல 100. கூட்டம் வர்ற நாள்ல என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம். கனெக்ட் பண்ற இடத்துக்கு இடம் ஆப்ஷன மாத்தி எழுதினா அது ஒவ்வொன்னும் தனி கனெக்ஷன்னு கணக்காகும், அதனால கனெக்ட் பண்ற கோட ஒரே இடத்துல வைங்க.

9. மெமரி ஏறிக்கிட்டே போனா

டாப் கமாண்ட்ல தெரியுற ஆர்எஸ்எஸ்ஸ (ஒரு ப்ராசஸ் பிடிச்சிருக்குற ரேம்) சைல்டு எண்ணிக்கையால பெருக்கி பயந்துடாதீங்க, பகிர்ந்துக்கிட்ட மெமரிய அது ஒவ்வொரு தடவையும் எண்ணும். லினக்ஸ்ல அந்த பிஐடியோட ஸ்மேப்ஸ்_ரோல்அப் ஃபைல்ல பிஎஸ்எஸ் பாருங்க, அதுல பகிர்ந்த பங்கு பிரிச்சுக் கணக்காகியிருக்கும்.

ரேம் 4096 எம்பி, டேட்டாபேஸ் மத்ததுக்கு எல்லாம் 1024 ஒதுக்கியாச்சு, சைல்டு ஒன்னுக்கு தனியா 60 எம்பின்னா 3072-ஐ 60ஆல வகுத்து 51 வரும், மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ 45ன்னு வைங்க. சைல்டு கம்மியா இருந்தா ரிக்வெஸ்ட் கொஞ்ச நேரம் க்யூல நிக்கும், ஸ்வாப்புக்கு (ரேம் பத்தாம டிஸ்க்குக்கு) போனா மொத்த மெஷினும் படுத்துடும்.

ஒரு சைல்டு எத்தனை கனெக்ஷனுக்கு அப்புறம் சாகணும்னு சொல்ற மேக்ஸ்கனெக்ஷன்ஸ்பெர்சைல்டு டிஃபால்ட்டா 0, அதாவது இந்தக் கணக்கால சைல்டு சாகவே சாகாது. ஒரு எண்ண போடுங்க, பெர்ல் ஓட ஓட பகிர்ந்த மெமரில எழுதிக்கிட்டே இருக்குறதால பகிர்வு மெல்ல மெல்ல குறையும், புது சைல்டு வந்தா திரும்ப சரியாகும். இது கனெக்ஷனத்தான் எண்ணும், கீப்அலைவ் ஆன்ல இருந்தா ஒரே கனெக்ஷன்ல வர்ற பல ரிக்வெஸ்ட் ஒன்னாத்தான் கணக்கு. இன்னும் கறாரா வேணும்னா மெமரி அளவு தாண்டின சைல்ட நிறுத்துற அப்பாச்சி2::சைஸ்லிமிட் போடுங்க, அளவ கேபில குடுக்கணும், எம்பில இல்ல.

இது ரெண்டும் மருந்து இல்ல, வலி நிவாரணி. லீக் எங்கன்னு தேடணும்னா, கேஷ்னு பேர் வச்சு ஆரம்பிச்சு யாரும் காலி பண்ணாத குளோபல் ஹேஷையும், ஒன்ன ஒன்னு சுட்டிக்கிட்டு இருக்குற ஆப்ஜெக்ட்டையும் முதல்ல பாருங்க.

10. செக்மென்டேஷன் ஃபால்ட்

லாக்ல 'எக்சிட் சிக்னல் செக்மென்டேஷன் ஃபால்ட் 11'னு வந்தா, அதாவது ப்ராசஸ் தொடக்கூடாத மெமரிய தொட்டு செத்துப் போனா, அது சுத்தமான பெர்ல் கோட்டால வர்றது ரொம்ப அபூர்வம். திரும்ப படி 3க்குப் போங்க, சமீபத்துல பெர்ல் அப்கிரேட் ஆச்சான்னு பாருங்க. ஒரே அப்பாச்சில பிஎச்பியும் இருந்து, ரெண்டு பேரும் வேற வேற வெர்ஷன் டேட்டாபேஸ் லைப்ரரிய இழுத்தாலும் இப்படி ஆகும், எல்டிடி அதையும் காட்டிக் குடுக்கும்.

பிடிபடலன்னா ஸ்டார்ட்டப் ஃபைல்ல இருக்குற மாட்யூல்ல பாதிய கமென்ட் பண்ணுங்க, இன்னும் விழுதான்னு பாருங்க, அப்படியே பாதி பாதியா சுருக்கிக்கிட்டே வாங்க. அப்பவும் இல்லன்னா ஜிடிபி டீபக்கருக்குள்ள மைனஸ் பெரிய எக்ஸோட ஓட்டி விழுந்த இடத்துல பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டுச்சுங்குற பட்டியல்) எடுங்க, மேல இருந்து வர்ற முதல் பத்து வரிலயே எந்த மாட்யூலோட எஸ்ஓ ஃபைல்னு பேர் தெரிஞ்சுடும்.

11. மாசா மாசம் பார்க்க வேண்டியது

தேவையான மாட்யூல் எல்லாத்தையும் சிபேன்ஃபைல்ல எழுதி வைங்க. பெர்ல் பெரிய வெர்ஷன் மாறினா வரிசை இதுதான்: பெர்ல், அப்புறம் மாட்-பெர்ல், அப்புறம் எக்ஸ்எஸ் மாட்யூல் எல்லாம், அப்புறம் டெஸ்ட் போர்ட்ல ஸ்டார்ட், கடைசியா லைவ். மாட்-பெர்லுக்கு முன்னாடி மாட்யூல கம்பைல் பண்ணா சிலது டெஸ்ட்லயே தோத்துடும்.

மாட்-பெர்ல் 2.0.11க்கு முந்தினதா இருந்தா அப்கிரேட் பண்ணுங்க. எச்டிஅக்சஸ் ஃபைல்ல (டைரக்டரிக்குன்னு தனியா வைக்குற அப்பாச்சி கான்ஃபிக்) பெர்ல் கோடு வச்சு ஓட்ட முடியுற பாதுகாப்பு ஓட்டை, பதிவு எண் சிவிஇ-2011-2767, அதுலதான் அடைபட்டுச்சு.

அப்பாச்சி2::ஸ்டேட்டஸ் பேஜ ஆன் பண்ணி வைங்க, எந்த மாட்யூல் எந்த வெர்ஷன் எந்தப் பாதைல இருந்து லோட் ஆகியிருக்குன்னு எல்லாம் காட்டும். அதுக்காகவே அதுக்கு 'ரிக்வயர் லோக்கல்' போடணும், வெளி ஆளுக்கும் எல்லாம் காட்டிடும்.

மாட்யூல் மாத்தினா கிரேஸ்ஃபுல் (ஓடிட்டு இருக்குற ரிக்வெஸ்ட்ட முடிக்க விட்டு ரீஸ்டார்ட் பண்றது) வேண்டாம், முழுசா ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணுங்க, எக்ஸ்எஸ் மாட்யூல் சிலது இன்டர்ப்ரெட்டர் கலைஞ்சு திரும்ப கட்டுறத தாங்காது. கடைசியா, பழைய லாக்க ஒதுக்கி வச்சுட்டு புதுசு தொடங்குற லாக்ரொட்டேட். அது ராத்திரி லாக்க சுத்தும்போது அப்பாச்சிய ரீலோட் பண்ணும், அப்ப ஸ்டார்ட்டப் ஃபைலும் திரும்ப ஓடும். சாயங்காலம் யாரோ ஒரு மாட்யூல பாதி எடிட் பண்ணி சேவ் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணாம வீட்டுக்குப் போயிருந்தா, அதுவரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்த சர்வர் அந்த நேரத்துல கம்பைல் எர்ரரோட விழும். யாருமே எதையும் தொடாதப்ப ராத்திரில சர்வர் விழுந்துச்சுன்னு சொன்னா, நான் முதல்ல கேக்குறது லாக்ரொட்டேட் எத்தனை மணிக்கு ஓடுதுன்னுதான், அதுக்கப்புறம் மாட்யூல் டைரக்டரில கடைசியா மாறின ஃபைல் எதுன்னு.